ஜெர்மன் டாங்கிகளும் கொடிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போர் புகைப்படங்களைப் புரட்டுகிறவர்கள் எப்படியும் இந்தச் சந்தேகத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரு படத்தில் டாங்கியின் பின்பக்கம் முழுக்க ஸ்வஸ்திகா கொடி விரித்துக் கிடக்கும். இன்னொன்றில் ஆன்டெனாவில் ஒரு முக்கோணக் கொடி இருக்கும். மூன்றாவது படத்தில் ஒன்றுமே இருக்காது. வீடியோ கேமைத் திறந்தால் எல்லா டாங்கியும் கொடி படபடக்கச் சண்டைக்குப் போகும். எது உண்மை? மாடல் கட்டுகிறவர்கள், கேம் ஆடுகிறவர்கள், போர் வரலாறு படிக்கிறவர்கள் என்று பலரும் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஜெர்மன் டாங்கிகள் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டா சண்டை போட்டன?

இல்லை. அணிவகுப்பில் பறந்தது, பயிற்சியில் பறந்தது, ஊரைப் பிடித்த பிறகு படம் எடுக்கும்போது பறந்தது. குண்டு பறக்கும் இடத்தில் கொடி பறக்கவில்லை. போர்க்களத்தில் எடுத்த படங்களில் தெரியும் கொடிகளில் பெரும்பாலானவை கம்பத்தில் ஏற்றியவை அல்ல. டாங்கியின் முதுகில் படுக்கப் போட்டுக் கட்டியவை. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

அப்படியானால் என்ஜின் மூடியின் மேல் ஏன் கொடியை விரித்தார்கள்?

மேலே பறக்கும் தங்கள் விமானிகளுக்காக. தேசப்பற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

1940 மே மாதத்தில் பிரான்சுக்குள் நுழைந்த ஜெர்மன் கவசப் படைகள் நாளுக்கு நாள் நகர்ந்த வேகத்தில், முன்னணிக் கோடு எங்கே இருக்கிறது என்று அவர்கள் தலைமையகத்துக்கே சரியாகத் தெரியவில்லை. காலையில் வரைந்த வரைபடம் மதியம் பழசாகிவிடும். அந்த நேரத்தில் ஸ்டூகா என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தின் விமானி ஒருவன் மேலிருந்து பார்த்தால் தெரிவது புழுதியும் சாலையில் ஊர்ந்துபோகும் சில கருஞ்சாம்பல் பெட்டிகளும்தான். அது ஜெர்மன் டாங்கியா, பிரெஞ்சு டாங்கியா? பக்கவாட்டில் தீட்டிய சிலுவை மேலிருந்து தெரியாது. டரட்டில், அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதியில், எழுதியிருக்கும் எண்ணும் தெரியாது. தூரத்திலிருந்து கண்ணில் அடிக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம். நீளமான கம்பி ஏற்றிய லாரியின் பின்னால் சிவப்புத் துணி கட்டுகிறோமே, அதே கணக்குத்தான்.

1935 செப்டம்பர் 15-ஆம் தேதிச் சட்டம் ஸ்வஸ்திகா கொடியை நாட்டின் ஒரே தேசியக் கொடியாக்கியிருந்தது. ஆகவே கொடிக்குப் பஞ்சமில்லை, தனியாக ஒரு அடையாளத் துணி தைக்கவும் வேண்டியிருக்கவில்லை. பிரான்ஸ், 1941-இல் பால்கன் நாடுகள், அப்புறம் சோவியத் யூனியன், வட ஆப்பிரிக்கா என்று எல்லாக் களங்களிலும் இதைப் பார்க்கலாம்.

கட்டிய விதத்தில் ஒழுங்கு எதையும் தேட வேண்டாம். டரட்டின் பின்னால் இருக்கும் சாமான் பெட்டி மேல் போர்த்தியிருப்பார்கள், அல்லது என்ஜின் மூடியின் மேல் அடுக்கிய பெட்ரோல் கேன், போர்வை மூட்டை, உதிரிச் சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து மூடி, மூலைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ரஷ்யக் கோடையின் புழுதியில் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். ஆப்பிரிக்க வெயிலில் வெளிறிப்போகும். படங்களை உற்றுப் பார்த்தால் பல கொடிகள் கொடி மாதிரியே இருக்காது, மூட்டை சுற்றிய பழைய துணி மாதிரிதான் இருக்கும்.

விரித்ததற்குப் பலன் இருந்ததா?

இருந்தது, ஆனால் முழுமையாக இல்லை. 1940 மே 14 அன்று, செடான் அருகே மியூஸ் ஆற்றைக் கடந்த மறுநாள், ஷெமெரி என்ற ஊரில் கூடியிருந்த ஜெர்மன் துருப்புகள் மீது ஜெர்மன் ஸ்டூகாக்களே குண்டு போட்டன. தளபதி ஹைன்ஸ் குடேரியனின் படைப்பிரிவைச் சேர்ந்த அதிகாரிகள் சிலர் அதில் இறந்தார்கள், ஒரு டாங்கி பிரிகேடின் தளபதி படுகாயம் அடைந்தார்.

அதே மாதம் ஆங்கிலக் கால்வாயை நோக்கிப் போகும் வழியில் இன்னொரு சம்பவம். குடேரியன் தன் நினைவுக்குறிப்பில் சொல்லியிருப்பது இது. சொந்த விமானங்கள் அவருடைய தலைமையகத்தையே தாக்க, அவருடைய விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்கள் திருப்பிச் சுட்டு ஒரு விமானத்தை வீழ்த்தினார்கள். பாராசூட்டில் இறங்கிய இரண்டு இளைஞர்களுக்காகக் கீழே காத்திருந்தது குடேரியன். திட்ட வேண்டியதைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஆளுக்கொரு கோப்பை ஷாம்பெயின் கொடுத்து அனுப்பினாராம். விமானம் புத்தம் புதியது என்பதில்தான் அவருக்கு வருத்தம்.

மேலிருந்து வேகமாகப் பாயும் விமானிக்குத் தீர்மானிக்கக் கிடைப்பது சில நொடிகள். அதனால்தான் கொடியை மட்டும் நம்பாமல் வண்ணப் புகையும், கைத்துப்பாக்கி போன்ற கருவியால் சுடும் வண்ண ஒளிச்சுடர்களும் கூடவே வைத்திருந்தார்கள். குழப்பம் ஜெர்மானியருக்கு மட்டும் உரியதல்ல. 1944 ஜூலை 25 அன்று நார்மண்டியில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் தங்கள் படை மீதே குண்டு போட்டதில் 111 பேர் இறந்தார்கள். அவர்களில் லெஸ்லி மெக்நேர் என்ற லெப்டினன்ட் ஜெனரலும் ஒருவர்.

டாங்கியில் சிலுவை தீட்டியிருந்தார்களே, அது போதாதா?

சிலுவைக்கே ஒரு கதை உண்டு. 1939 செப்டம்பரில் போலந்துக்குள் நுழைந்த ஜெர்மன் டாங்கிகளில் பெரிய, முழு வெள்ளைச் சிலுவைகள் இருந்தன. கருஞ்சாம்பல் உடம்பில் பளிச்சென்ற வெள்ளை. போலந்துப் படையிடம் 37 மில்லிமீட்டர் போஃபர்ஸ் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியும், கவசத்தைத் துளைக்கும் நீளத் துப்பாக்கியும் இருந்தன. செப்டம்பர் 1 அன்றே மோக்ரா கிராமத்தருகே ஒரு குதிரைப்படை பிரிகேட் ஜெர்மன் 4-ஆம் கவச டிவிஷனை நாள் முழுக்க நிறுத்தி வைத்து நல்ல அடி கொடுத்தது. குறி பார்க்கிறவனுக்கு அந்த வெள்ளைச் சிலுவை வாகாக அமைந்துவிட்டது.

டாங்கிக்காரர்கள் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. சேற்றை அள்ளிப் பூசினார்கள். சிலர் நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்து ஓரத்தில் மட்டும் வெள்ளையை விட்டார்கள். போலந்துப் போர் முடிந்ததும், நடுப்பகுதி கருமையாகவோ வெறுமையாகவோ இருக்க, ஓரங்களில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும் சிலுவை வந்தது. போர் முடியும்வரை இருந்தது அதுதான்.

கவனித்தால் இதில் ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. பக்கவாட்டில் எதிரியின் பீரங்கிக்காரன் பார்க்கிறான், அங்கே அடையாளத்தைச் சுருக்கினார்கள். மேலே தங்கள் விமானிதான் பார்க்கிறான் என்று நம்பினார்கள், அங்கே பெரிதாக்கினார்கள்.

கொடி விரிப்பதை எப்போது நிறுத்தினார்கள்?

ஒரே நாளில் ஒரே உத்தரவால் நின்றுபோனதாக நினைக்க வேண்டாம். வானம் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது அது. 1940-லும் 1941-லும் தலைக்கு மேல் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் ஜெர்மன் விமானம். 1943 வாக்கில் கிழக்கில் அந்த நிச்சயம் போய்விட்டது. ஆப்பிரிக்காவில் அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது.

1944 ஜூனில் நார்மண்டியில் நிலைமை முழுக்கத் தலைகீழ். மேலே பறப்பது ஏறக்குறைய எல்லாமே பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள். சிவப்புத் துணியை விரித்தால் 'இங்கே சுடு' என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். அந்தக் காலப் படங்களில் பாந்தர், டைகர் டாங்கிகள் வெட்டிய மரக்கிளைக்குள் புதைந்து கிடக்கும். முன்பு கொடி விரித்த அதே என்ஜின் மூடி மேல் இப்போது இலைதழை. மாறாக, நேசநாட்டு டாங்கிகள் மேல் பளீரென்ற நிறத் துணித் தகடுகள் வந்து உட்கார்ந்தன, வட்டத்துக்குள் பெரிய வெள்ளை நட்சத்திரமும் கூட. துணியைப் பார்த்தே அந்தக் களத்தில் வானம் யாருடையது என்று சொல்லிவிடலாம்.

படத்துக்குத் தேதி தெரியாவிட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கொடி தாராளமாகக் கிடந்தால் 1940 முதல் 1942 வரைக்குள் என்று வைத்துக்கொள்வேன். விதிவிலக்கு உண்டு என்பதால் பந்தயம் கட்ட மாட்டேன்.

எதிரியும் அதே கொடியை விரித்துத் தப்பிக்கலாமே?

இதுதான் இந்த முறையின் ஓட்டை. தேசியக் கொடி ரகசியம் அல்ல, யார் வேண்டுமானாலும் ஒன்றைக் கைப்பற்றி விரிக்கலாம். அதனால்தான் ஒளிச்சுடர், புகை போன்றவற்றுக்கு அவ்வப்போது மாற்றும் ரகசிய வண்ணங்களை வைத்துக்கொண்டார்கள். அவையும் எப்போதும் காப்பாற்றவில்லை. ஸ்டாலின்கிராடில் சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மன் படைக்கு விமானங்கள் உணவு போட வந்தபோது, சோவியத் வீரர்கள் ஜெர்மன் ஒளிச்சுடர்களை அப்படியே காப்பியடித்துச் சுட்டு மூட்டைகளைத் தங்கள் பக்கம் விழவைத்தார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் பாலைவனத்தில் இதற்குக் கெட்டிக்காரத்தனமான ஒரு வழி வைத்திருந்தார்கள். டாங்கியின் ஆன்டெனாவில் சிறிய முக்கோணக் கொடிகளைக் கட்டினார்கள், ஆனால் எந்த உயரத்தில் என்பது நாளுக்கு நாள் மாறும். நேற்றைய இடத்திலேயே கட்டிக்கொண்டு வருகிற டாங்கி சந்தேகத்துக்குரியது. ஆன்டெனாக் கொடி என்றதும் பலரும் ஜெர்மன் டாங்கியை நினைக்கிறார்கள். களத்தில் அதை முறையாகப் பயன்படுத்தியவர்கள் என்று பார்த்தால் எதிர்த்தரப்பான பிரிட்டிஷ்காரர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கைப்பற்றிய எதிரி டாங்கியை ஓட்டும்போது என்ன செய்தார்கள்?

அடையாளத்தை மூன்று மடங்காக்கினார்கள். காரணம் எளிது: சோவியத் டி-34 டாங்கியின் உருவத்தைப் பார்த்ததும் சுட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஜெர்மன் பீரங்கிக்காரனுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஜெர்மானியன் உட்கார்ந்திருக்கிறான் என்று சிந்திக்க அவனுக்கு நேரமில்லை.

1943-இல் நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த 'தாஸ் ரைஷ்' டிவிஷன் கார்கிவ் பக்கம் கைப்பற்றி ஓட்டிய டி-34-களைப் பாருங்கள். டரட்டின் இருபுறமும் ராட்சதச் சிலுவைகள் இருக்கும். இத்தகைய வண்டிகளில் டரட்டின் கூரையிலும் அடையாளம் தீட்டுவது, மேலே கொடி போடுவது எல்லாம் சகஜம். ஆப்பிரிக்காவில் பிடிபட்ட பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகளிலும் இதே கதைதான். எதிரிக்கு நன்றாகத் தெரியுமே என்றால், தெரியட்டும். தங்கள் ஆளின் குண்டுக்கு அவர்கள் அதைவிட அதிகமாகப் பயந்தார்கள்.

ரேடியோ வருவதற்கு முன் கொடியை வைத்துத்தான் உத்தரவு கொடுத்தார்களா?

ஆமாம். கொடிக்கு டாங்கிக்குள் ஒரு காலத்தில் நிஜமான வேலை இருந்தது. தளபதி மேல்மூடியைத் திறந்து எழுந்து நின்று, நிறக் கொடிகளை ஆட்டி 'நில்', 'பின்தொடர்', 'பரவு' என்று சொல்ல வேண்டும். மற்ற டாங்கிகளில் இருப்பவர்கள் குறுகிய பார்வைத் துளை வழியாக அதைப் பார்க்க வேண்டும். புழுதியிலும் புகையிலும் எத்தனை பேருக்குத் தெரியும்? குண்டு விழும் நேரத்தில் இடுப்புவரை வெளியே நின்று கொடி ஆட்டுகிறவன் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பான்?

குடேரியனுக்கு இந்தச் சிக்கல் நன்றாகப் புரிந்தது. முதல் உலகப்போரில் அவர் தகவல் தொடர்புப் பிரிவில் ரேடியோவோடு புழங்கியவர். டாங்கிப் படையைக் கட்டத் தொடங்கியபோது எல்லா டாங்கியிலும் ரேடியோ வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முதலில் காசும் கருவியும் போதவில்லை. ஆகவே சாதாரண டாங்கிகள் பலவற்றில் கேட்க மட்டும் முடிகிற எஃப்.யு.2 கருவியும், தலைமை டாங்கிகளில் பேசவும் கேட்கவும் முடிகிற எஃப்.யு.5 கருவியும் வைத்தார்கள். எஃப்.யு.5-இன் திறன் 10 வாட். எட்டும் தூரம் சில கிலோமீட்டர்தான் என்றாலும், ஒரு கம்பெனியை நடத்த அது போதும்.

1940-இல் எதிரே நின்ற பிரெஞ்சு ஆர்-35 டாங்கிகளில் பெரும்பாலானவற்றில் ரேடியோவே இல்லை. கவசத்தைப் பார்த்தால் பல ஜெர்மன் டாங்கிகளைவிட அதுதான் தடிமன். ஆனால் சண்டை தொடங்கிய பிறகு தளபதி மனம் மாறினால் அதைச் சொல்ல அவரிடம் கொடிதான் இருந்தது. 1941-இல் சோவியத் டாங்கிகளிலும் இதே நிலைமை. தலைமை டாங்கியில் மட்டும் ரேடியோ, மற்றவை 'நான் செய்வதைப் பார்த்துச் செய்' என்ற முறையில் பின்னால் போகும். அந்தத் தலைமை டாங்கியை அடித்துவிட்டால் மற்றவை திண்டாடும். பீரங்கியும் கவசமும் பேசப்படும் அளவுக்கு இந்த ரேடியோ விஷயம் பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஜெர்மானியரும் சைகைக் கொடியை முழுக்கத் தூக்கி எறியவில்லை. ரேடியோ மௌனம் காக்க வேண்டிய நேரம், கருவி பழுதான நேரம், ரயிலில் ஏற்றி இறக்கும் நேரம், சாலையில் வரிசையாகப் போகும் நேரம் இவற்றுக்கெல்லாம் கொடியும், கைப்பிடி வைத்த வட்டத் தட்டும் உதவின.

தளபதியின் டாங்கியில் தனிக் கொடி இருந்திருக்குமே?

விதிப்படி இருந்தது. டிவிஷன், ரெஜிமென்ட், பட்டாலியன் என்று ஒவ்வொரு தலைமைக்கும் தனித்தனி வடிவிலும் நிறத்திலும் கொடி. ஜெர்மன் தரைப்படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் உண்டு. டாங்கிப் படையின் நிறம் ரோஜா நிறம், பிங்க். கறுப்புச் சீருடையில் பிங்க் ஓரப்பட்டை போட்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தலைமையகம் எந்தக் கூடாரத்தில், எந்த வண்டியில் இருக்கிறது என்று தபால் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரன் கண்டுபிடிக்க இந்தக் கொடிகள் தேவை. ஆகவே காரிலும் கூடாரத்தின் முன்னும் தாராளமாக இருந்தன.

முன்னணிச் சண்டையில் அது தற்கொலை. எதிரிக்கு முதலில் யாரைச் சுட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். இந்தப் பயம் கொடியோடு நிற்கவில்லை. ஆரம்பகாலத் தலைமை டாங்கிகளில் என்ஜின் மூடியைச் சுற்றிக் கட்டில் சட்டம் போல ஒரு பெரிய ஆன்டெனா இருந்தது. ரேடியோவுக்கு இடம் வேண்டும் என்பதால் உண்மையான பீரங்கியை எடுத்துவிட்டுப் பொய்ப் பீரங்கி வைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தாலே அந்தச் சட்டம் அடையாளம் காட்டிவிடும். பிற்பாடு அதை எடுத்துவிட்டுக் கண்ணில் படாத கம்பி ஆன்டெனாக்களுக்கு மாறினார்கள். டரட் எண்ணிலும் இதே சங்கடம். 231 என்றால் 2-ஆவது கம்பெனி, 3-ஆவது பிளாட்டூன், முதல் டாங்கி. R01 என்றால் ரெஜிமென்ட் தளபதி. அந்த R01-ஐ அழித்துவிட்டு யாருக்கும் புரியாத எண்ணைப் போட்டுக்கொண்ட படைப்பிரிவுகள் உண்டு.

ஆன்டெனாவில் கொடி கட்டினால் இயந்திர ரீதியாகச் சிக்கல் வருமா?

வரும். ஜெர்மன் டாங்கியின் ஆன்டெனா 2 மீட்டர் கம்பி. பன்சர் 3, பன்சர் 4 என்ற டாங்கி வகைகளில் அது உடம்பின் வலப்புறத்தில் இருக்கும், மடக்கி ஒரு மரத் தொட்டிக்குள் படுக்க வைக்கலாம். பன்சர் 4-இன் ஆரம்ப வகைகளில் பீரங்கிக் குழலின் அடியில் வளைந்த ஒரு கம்பிச் சட்டம் தொங்கும். பார்க்கிறவர்கள் அது எதற்கு என்று குழம்புவார்கள். டரட் திரும்பும்போது ஆன்டெனாவைத் தட்டிச் சாய்த்துவிட்டுப் போவதற்குத்தான் அது. அந்த ஆன்டெனாவில் பெரிய துணி ஒன்றைக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழலில் மாட்டும், குறிபார்க்கும் கண்ணாடியை மறைக்கும். ஓட்டத்தில் காற்றுப் பிடித்துக் கம்பியை ஆட்டும். மடக்கித் தொட்டிக்குள் வைக்கவும் முடியாது.

ரெஜிமென்டுக்கு மரியாதைக் கொடி இருந்ததா?

இருந்தது. போருக்கு முந்தைய ஆண்டுகளில் டாங்கிப் படைகளுக்குக் குதிரைப்படைப் பாணியில், நுனி இரண்டாகப் பிளந்த பிங்க் நிறக் கொடிகளை வழங்கினார்கள். சடங்குக்கும் அணிவகுப்புக்கும் உரியவை அவை, டாங்கியில் கட்டிக்கொண்டு போக அல்ல. 1945 ஜூன் 24 அன்று மாஸ்கோ வெற்றி அணிவகுப்பில் சோவியத் வீரர்கள் 200 ஜெர்மன் கொடிகளை லெனின் சமாதியின் முன் வீசினார்கள் அல்லவா, அந்தக் குவியல் பெரும்பாலும் இந்த மாதிரி மரியாதைக் கொடிகளால் ஆனது.

முதல் உலகப்போரில்?

ஜெர்மனி அப்போது கட்டியது மொத்தம் 20 ஏ-7-வி டாங்கிகள்தான். ஆகவே கொடிகளைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. முன்முகத்தில் மண்டையோடு, பக்கத்தில் பெரிய சிலுவை, 'மெஃபிஸ்டோ', 'நிக்ஸ்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். 1918 ஏப்ரல் 24 அன்று வில்லர்-பிரெத்தோன்யோவில் நிக்ஸ் பிரிட்டிஷ் டாங்கிகளோடு மோதியதுதான் உலகின் முதல் டாங்கிச் சண்டை. மெஃபிஸ்டோ மட்டும் மிஞ்சி இன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நிற்கிறது.

உண்மையிலேயே கொடி பறக்கச் சண்டைக்குப் போன கதை வேண்டுமானால் பிரிட்டிஷ் பக்கம் போக வேண்டும். 1917 நவம்பர் 20 அன்று காம்ப்ரே போரில் தளபதி ஹியூ எல்லிஸ், 'ஹில்டா' என்ற டாங்கியில் பழுப்பு, சிவப்பு, பச்சைக் கொடியை ஏற்றித் தானே முன்னால் போனார். ஒரு தளபதி செய்யக்கூடாத காரியம், ஆனால் கூடப்போனவர்கள் மறக்கவில்லை.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மன் டாங்கிகள் என்ன கொடி கட்டின?

ஜெர்மன் கொடி இல்லை. 1936 முதல் ஜெர்மன் அதிகாரி ஃபான் தோமாவின் மேற்பார்வையில் அங்கே போன பன்சர் 1 டாங்கிகள் ஃபிராங்கோ தரப்பின் சிவப்பு-மஞ்சள்-சிவப்பு நிறங்களைப் பூசிக்கொண்டன. மேலிருந்து பார்க்கும் விமானிக்காக டரட் மேல் வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் பெருக்கல் குறி. எதிர்த்தரப்பிடமிருந்து பிடித்த சோவியத் டி-26 டாங்கிகளில் சிவப்பு-மஞ்சளை இன்னும் பெரிதாகப் பூசினார்கள். பிற்பாடு கொடி விரிப்பதற்கான பாடத்தை இங்கேயே படித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

எதிரியின் கொடியைக் கட்டிக்கொண்டு ஏமாற்றுவது போர்க்குற்றமா?

1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 23-ஆம் பிரிவு, சமாதானக் கொடியையும் எதிரியின் தேசியக் கொடி, ராணுவச் சின்னம், சீருடை ஆகியவற்றையும் முறைகேடாகப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. எது முறைகேடு என்பதில்தான் வழக்கறிஞர்களுக்கு வேலை.

1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் ஜெர்மனி நடத்திய தாக்குதலின்போது எஸ்.எஸ். அதிகாரி ஓட்டோ ஸ்கோர்செனியின் 150-ஆம் கவச பிரிகேட் ஐந்து பாந்தர் டாங்கிகளுக்குத் தகரம் அடித்து, வெள்ளை நட்சத்திரம் தீட்டி, அமெரிக்க எம்-10 கவச வண்டி மாதிரி வேஷம் போட்டது. தங்கள் ஆட்கள் சுட்டுவிடக்கூடாதே? அதற்காக வண்டியின் பின்னால் சின்ன மஞ்சள் முக்கோணம், பீரங்கியைக் கடிகாரத்தின் 9 மணித் திசையில் திருப்பி வைத்தல், வீரர்களுக்குக் கழுத்தில் நிறத் துணி என்று ரகசியக் குறிகள் வைத்துக்கொண்டார்கள். டிசம்பர் 21 அன்று மால்மெடியில் தாக்கியபோது வேஷம் எடுபடவில்லை, டாங்கிகள் போயின.

போருக்குப் பிறகு 1947-இல் ஜெர்மனியின் டாஹாவ் நகரில் நடந்த விசாரணையில் ஸ்கோர்செனியும் கூட்டாளிகளும் விடுதலையானார்கள். நேச நாட்டு உளவாளிகளும் ஜெர்மன் சீருடையைப் பயன்படுத்தியதுண்டு என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரியே வந்து சாட்சி சொன்னது அவர்களுக்குக் கைகொடுத்தது. வேஷம் போட்டு நகர்வது ஒன்று, அதே வேஷத்தில் சுடுவது வேறு என்ற பேதம் அந்த வழக்கில்தான் பிரபலமானது. ஆனால் போரின்போதே அமெரிக்கச் சீருடையில் சிக்கிய அவருடைய ஆட்கள் சிலரை அமெரிக்கர்கள் உளவாளிகள் என்று சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

எத்தனை டாங்கியை அடித்தோம் என்று காட்டக் கொடி கட்டினார்களா?

நீர்மூழ்கிக் கப்பல்காரர்களின் பழக்கம் அது. மூழ்கடித்த கப்பலுக்கு ஒன்று என்று சிறுகொடிகளைத் தொங்கவிட்டுத் துறைமுகம் திரும்புவார்கள். டாங்கிக்காரர்கள் வழக்கமாகப் பீரங்கிக் குழலில் வெள்ளை வளையம் தீட்டினார்கள்.

மாடல் கட்டுகிறேன். என் டாங்கிக்குக் கொடி போடலாமா?

போடலாம், காலமும் களமும் பொருந்தினால். 1941 ரஷ்யா, பன்சர் 3 என்றால் தாராளமாக. 1944 நார்மண்டி, டைகர் என்றால் வேண்டாம், தழையைப் போடுங்கள். ஆன்டெனா நுனியில் கொடி பறக்கவிட்டால் அணிவகுப்பு மாதிரி இருக்கும்.

1:35 அளவில் 2 மீட்டர் நீளத் துணி 5.7 சென்டிமீட்டர் வரும். தடித்த தாளில் அச்சடித்து விறைப்பாக ஒட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. மெல்லிய டிஷ்யூ தாளை, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, அடியிலுள்ள கேன், மூட்டைகளின் மேடு பள்ளத்துக்கேற்ப அமுக்கிவிடுங்கள். காய்ந்த பிறகு நிறம் பூசி, மேலே புழுதி நிறத்தைத் தூவுங்கள். நான்கு மூலையிலும் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று காட்டினால்தான் நம்பும்படி இருக்கும்.

ஜெர்மனியிலிருந்து வரும் மாடல் பெட்டிகளில் ஸ்வஸ்திகா ஸ்டிக்கர் இல்லாமலோ இரண்டு பாதியாக வெட்டியோ இருப்பதைப் பார்த்திருக்கலாம். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86-ஏ பிரிவு அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. கல்வி, ஆராய்ச்சி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. முடித்த மாடலை இணையத்தில் போடுவதென்றால் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும், பார்க்கிறவர்கள் மனத்தையும் யோசித்துக்கொள்வது நல்லது. அந்தக் கொடியின் கீழ் கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இணையத்தில்தான் இருக்கிறார்கள்.

இன்றைய ஜெர்மன் டாங்கிகளில் கொடி உண்டா?

லெப்பர்ட் டாங்கியின் பக்கவாட்டில் சிறிய சிலுவை இருக்கும். துணிக் கொடி இன்னும் ஒழியவில்லை, ஆனால் அதன் வேலை இப்போது போக்குவரத்து. நேட்டோ முறைப்படி சாலையில் ராணுவ வாகன வரிசை போகும்போது முதல் வண்டியில் நீலக் கொடி, கடைசி வண்டியில் பச்சைக் கொடி, வரிசையின் தளபதி வண்டியில் கறுப்பு-வெள்ளைக் கொடி. வழியில் ரிப்பேராகி நின்ற வண்டி மஞ்சள் கொடி காட்டும். ஜெர்மன் சாலை விதிப்படி இப்படிக் கொடி கட்டிச் சேர்ந்து போகும் வரிசை முழுவதும் ஒரே வாகனமாகத்தான் கணக்கு, ஆகவே நடுவில் கார் நுழைக்கக்கூடாது. துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலில் சிவப்புக் கொடி தெரிந்தால் அந்த டாங்கி குண்டு போட்டுத் தயாராக இருக்கிறது என்று பொருள், பச்சை என்றால் பீரங்கி காலி.